வகை சொல்லி எழுதுவோம்

‘மாடு வந்தான்’ என்று எழுதினால் நம் தமிழாசிரியர் சும்மா விடுவாரா? திணை வழு என்று சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுவார். வழு ஏழு என்று நன்னூல் கூறும். எந்தச் சொல் எந்த வகை, எதனோடு எது சேரும் என்று அறிந்தவனுக்கே வழு கண்ணில் படும். பள்ளியில் இந்த இலக்கணம் எனக்கு வேப்பங்காய். வடக்கே வந்து, ஆய்வுக்கூடத்துக் கணினி முன் அமர்ந்த பிறகுதான் அதன் அருமையை உணர்ந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலை அளவுகளை லிப்ரே ஆபீஸ் கால்க் தாளில் பதிவு செய்கிறோம். அன்றன்றைய உச்ச அளவைப் பொறுக்கியெடுக்கப் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். நிரல் ஓடியது, பிழைச் செய்தி ஏதும் இல்லை. விடை 98.6 என்றது. அதை அறிக்கையில் எழுதிப் பேராசிரியரின் மேசையில் வைத்தேன். மறுநாள் அவர் கேட்டார்: “தாளில் 104.2 என்று ஓர் அளவு இருக்கிறதே, அது எங்கே போயிற்று?” தலைகுனிந்து நின்றேன்.

குற்றம் என்னுடையதே. தாளின் கட்டத்தில் இருப்பதைப் பெற இரண்டு வழிகள் உண்டு. கெட்வேல்யூ என்று கேட்டால் எண் வரும். கெட்ஸ்ட்ரிங் என்று கேட்டால் எழுத்துச் சரம் வரும். நான் கேட்டது இரண்டாவதை. சரங்களை ஒப்பிடும்போது கணினி அகராதி வரிசைபோல் முதலெழுத்திலிருந்து பார்க்கும். 1க்குப் பின் வருவது 9, ஆகவே 98.6 பெரிதாகிவிட்டது, 104.2 சிறிதாகிவிட்டது. கணினி பொய் சொல்லவில்லை. நான்தான் வகை மாற்றிக் கேட்டேன்.

1991இல் வெளிவந்த நாள்முதல், வகை சொல்லாமலே எழுதலாம் என்பது பைத்தானின் கவர்ச்சிகளில் ஒன்று. நிரல்கள் பெருகி, ஒருவர் எழுதியதை வேறு பலர் திருத்த வேண்டி வந்தபோது அதன் இடர் தெரிந்தது. பைத்தானைப் படைத்த கிடோ வான் ரோசம் உள்ளிட்ட மூவர் 2014இல் ஒரு திட்டத்தை முன்மொழிந்தனர். 2015இல் பைத்தான் 3.5 பதிப்பில் அது இடம்பெற்றது. ‘இது எண், இது சரம்’ என்று நிரலுக்குள்ளேயே குறித்து வைக்கலாம். இதுவே வகைக்குறிப்பு. நிரல் ஓடும்போது பைத்தான் இதைப் பொருட்படுத்துவதில்லை. மைபை போன்ற கருவிகள்தாம் நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்து வழுவைக் காட்டும்.

லிப்ரே ஆபீஸில் மட்டும் ஒரு சிக்கல். அதன் தாளும் கட்டமும் என்ன வகை என்பது நிரல் ஓடும்போதுதான் பைத்தானுக்குத் தெரியவரும். ஓட்டாமல் படிக்கும் கருவிக்கு அவை முகம் தெரியாத விருந்தாளிகள். எதையும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். இந்தக் குறையை நீக்கவே டைப்ஸ்-யூனோபை என்ற வகைக்குறிப்புத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கெட்ஸ்ட்ரிங் தருவது சரம் என்று அதில் எழுதியிருக்கிறது. என் நிரல் எண்களையே ஏற்கும் என்று நானும் ஒரு குறிப்பு எழுதியிருந்தால், கருவி அப்பொழுதே கையைப் பிடித்திருக்கும். கட்டத்தைச் சுட்டும்போது முதலில் சொல்ல வேண்டியது நிரலா நிரையா என்ற குழப்பமும் தீரும்: நெடுக்குவரிசை முன்னே, குறுக்குவரிசை பின்னே என்று தட்டச்சு செய்யும்போதே காட்டும்.

“நாளை தூக்கியெறியப் போகும் பத்து வரிக்கு இத்தனை ஆசாரமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மையிலேயே எறிவதானால் வேண்டாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் எதை எறிந்திருக்கிறோம்? அசாமிலிருந்து வந்து படித்துப் போன மூத்த மாணவர் ஒருவரின் நிரலை இன்று நான் ஓட்டுகிறேன். அவர் வைத்த பெயர்கள் அவருடைய தாய்மொழியில் உள்ளன. நான் வைக்கும் தமிழ்ப் பெயர்கள் அடுத்து வருபவருக்குப் புரியுமா? பல மொழியார் கூடி வேலை செய்யும் இடத்தில், ‘இது எண்’ என்ற ஒரு சொல் எல்லாருக்கும் பொதுமொழி ஆகிறது.

வகைக்குறிப்பு எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. வெறும் எழுத்துள்ள கட்டத்தில் கெட்வேல்யூ என்று கேட்டால் சுழியம் வரும். சுழியமும் எண்தானே, கருவி வாய் திறக்காது. கட்டத்தில் இருப்பது எண்ணா எழுத்தா என்று நாமே பார்த்தாக வேண்டும். ‘மாடு பறந்தது’ என்பதில் திணை வழு இல்லை. அதற்காக மாடு பறந்துவிடுமா? இலக்கணம் வாக்கியத்தைக் காக்கும். உண்மையைக் காக்க வேண்டியவர் எழுதுகிறவரே.

நண்பர்களே, நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலுக்கும் பொங்கல் விழாக் கணக்குக்கும்கூட இத்தகைய சிறு நிரல்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு அவற்றைப் புதிய மாணவர்களிடம் ஒப்படைக்கும் முன், ஒவ்வொரு செயற்கூறின் தலைப்பிலும் என்ன பெறும், என்ன தரும் என்று ஒரு வரி எழுதி வைப்போம். ஒரு மாலைப்பொழுது வேலை. நான் நின்றதுபோல் நம் தம்பி தங்கையர் தலைகுனிந்து நிற்க வேண்டாம்.