வடிகால் இல்லாத வாய்க்கால்

2024 ஆகஸ்டில் துங்கபத்திரை அணையின் 19-வது மதகின் சங்கிலி அறுந்து, கதவு வெள்ளத்தோடு போயிற்று. மூன்று மாநிலங்களும் பதறின. சுமார் ஒரு வாரத்தில் தற்காலிக அடைப்பு போடப்பட்டது. பாராட்ட வேண்டிய வேகம்தான். ஆனால் அதே அணையின் நீர் பாயும் வயல்கள் ஓசையின்றிப் பாழாகி வருவதைக் கண்டு எவருக்கும் அத்தகைய பதற்றம் உண்டாகவில்லை.

சென்னை, ஐதராபாத் அரசுகள் கூடித் தொடங்கிய அணை இது. சென்னைப் பொறியாளர் திருமலை ஐயங்காரின் உழைப்பு அதில் உண்டு. 1953-ல் நீர் விடப்பட்டபோது, இடதுகரைக் கால்வாயின் நோக்கம் தெளிவாக இருந்தது: வறண்ட ராய்ச்சூர் சீமையில் கொஞ்சம் தண்ணீரைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பது. சோளம், பருத்தி, நிலக்கடலைக்கே முதலிடம்.

நடந்தது வேறு. ஆந்திரக் கடலோரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிலத்தைச் சமன்செய்து நெல் நட்டார்கள். உள்ளூர் விவசாயிகளும் அதே வழியில் சென்றார்கள். பெங்களூர்த் தமிழர் வீடுகளில் வேகும் சோனா மசூரியில் கங்காவதி, சிந்தனூர் அரிசியும் உண்டு. விளைச்சல் கண்ணை மறைத்தது. கரிசல் மண்ணில் நீர் எளிதில் வடியாது. ஆண்டுக்கணக்கில் தேங்கினால் நிலத்தடி நீர்மட்டம் மேலேறும். அதோடு உப்பும் மேலேறும். வெயிலில் நீர் ஆவியாகிவிட, உப்பு வேரடியிலேயே தங்கிவிடும். நிலம் உவராகும். தலைமடையில் இந்தக் கதி என்றால், மான்வி, ராய்ச்சூர் பக்கக் கடைமடையில் தண்ணீரே இல்லை. அங்குள்ள கூலிக் குடும்பங்கள் பெங்களூரில் கட்டட வேலைக்கு வந்து நிற்கின்றன. ஒரே கால்வாய், இரண்டு விதமான நாசம்!

அணையிலும் வண்டல் சேர்ந்து, 133 டி.எம்.சி. கொள்ளளவு ஏறக்குறைய 105 ஆகக் குறைந்துவிட்டது. அதை ஈடுகட்ட நவலியில் புதிய நீர்த்தேக்கம் கட்டவேண்டும் என்கிறது கர்நாடக அரசு. கட்டட்டும். அதனால் ஒரு காணி உவர் நிலமாவது திருந்துமா?

தேவை வடிகால். சிறு விவசாயி தன் வயலில் மட்டும் வெட்டிப் பயனில்லை; உப்பு நீரை அடுத்தவர் வயல்களைக் கடந்து ஓடைவரை கொண்டுபோக வேண்டும். ஆகவே அது அரசின் வேலை. நெல்லை விடு என்று விவசாயிக்கு உபதேசிப்பதற்கு முன், சோளத்துக்கும் பருத்திக்கும் கட்டுபடியாகும் விலை கொடுத்து, அறுவடையானதும் கொள்முதல் செய்யவும் அரசு முன்வர வேண்டும்.