கேட்டவர் மொழியில் பிறந்த பாட்டு

விளையாட்டு விழா ஒன்று முடிந்தால், வென்றவர் பெயரைச் சில நாள்கள் நினைவில் வைத்திருக்கும் உலகம், அவர் எடுத்த புள்ளிகளை விரைவில் மறந்துவிடும். ஆனால், நிறைவு நாளன்று விளக்குகள் அணையுமுன் அரங்கில் ஒலித்த பாட்டு, கேட்டவர் காதில் நெடுநாள் தங்கிவிடும். விருந்தினரை வழியனுப்புங்கால் வீட்டுக்குரியவர் கூறும் கடைசிச் சொல் அது. அச்சொல்லை நாம் எம்மொழியில் கூறுகின்றோம்? எவர் வாயால் கூறுகின்றோம்? இவ்விரு வினாக்களையும் தமிழ்மக்கள் முன், சிறப்பாகக் கொங்குத் தமிழர் முன், வைக்கவே இவ்வுரையை எழுதுகின்றோம்.

2010-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு சூன் 23 முதல் 27 வரை நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதன் பாட்டை அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி எழுதினார், ஏ.ஆர். இரகுமான் இசையமைத்தார். அதில் மேலை ஓசை மிகுந்திருந்தது என்று நம்மவர் சிலர் குறைப்பட்டதுண்டு. அக்குறையை நாமும் மறுக்கவில்லை. எனினும் சொல் தமிழ்ச்சொல், பொருள் தமிழ்ப்பொருள். கோவைத் தெருக்களில் சிறுவரும் அதைப் பாடித் திரிந்தனர்.

அதே ஆண்டு அக்தோபர் 3 முதல் 14 வரை தில்லியில் பொதுநல நாடுகளின் விளையாட்டு விழா நடந்தது. 71 அணிகள் கலந்துகொண்ட அவ்விழாவின் பாட்டுக்கும் இசையமைத்தவர் அதே இரகுமான்தான். அப்பாட்டின் தலைப்போ, வாழ், எழு, முன்னேறு, வெல் என்று பொருள்படும் இந்திச் சொற்கள்! ஒரே ஆண்டு, ஒரே இசைவாணர், கோவையில் தமிழ், தில்லியில் இந்தி. ஏன்?

அவ்விசைவாணர்மேல் பழி கூற நாம் வரவில்லை. கோவை தமிழ்ப்பாட்டுக் கேட்டது. அவர் தமிழில் தந்தார். தில்லி இந்திப்பாட்டுக் கேட்டது; அவர் இந்தியில் தந்தார். இசை கேட்பவர் மொழியில்தான் பிறக்கின்றது. ஆகவே குறை கொடுத்தவரிடம் இல்லை, கேட்டவரிடமே உள்ளது. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டு விழா நடந்தபொழுதும் இரவிசங்கர் இசையமைத்த வரவேற்புப் பாட்டு, வடசொல் மிடைந்த இந்தியிலேயே ஒலித்தது. இடையே 28 ஆண்டுகள் உருண்டன. அரசுகள் மாறின, ஆளும் கட்சிகள் மாறின, தில்லியின் நாக்கு மட்டும் மாறவில்லை. இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன என்பர். அட்டவணையில் இருப்பது வேறு. அரங்கில் இருப்பது வேறு என்பதை இவ்விரு விழாக்களும் நமக்கு உணர்த்திவிட்டன.

தில்லியைக் குறை கூறுவது எளிது. நம் வீட்டில் நடந்ததென்ன?

2022-ஆம் ஆண்டு சூலை 28 தொடங்கி ஆகசுட்டு 9 வரை 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நம் மண்ணில் நடந்தது. ஆட்டம் மாமல்லபுரத்தில், நிறைவு விழா சென்னையில். வேட்டி உடுத்துக் கைகூப்பி நின்ற ‘தம்பி’ உருவம் உலகோர் உள்ளத்தைக் கவர்ந்தது. தமிழர் வரலாறு ‘தமிழ் மண்’ என்னும் பெயரில் கமலகாசன் குரலோடு அரங்கேறியது. நிறைவு நாளில் இராசேசு வைத்தியாவின் வீணையும், சிவமணியின் முழக்கமும், தேவசியின் விசைப்பலகையும் அரங்கை அதிரச் செய்தன. இவற்றையெல்லாம் நாம் பாராட்டுகின்றோம். அவர்கள் தேர்ந்த கலைஞர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நெஞ்சில் ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. அத்துணைக் கருவிகள் முழங்கிய அரங்கில், ‘இது தமிழர் தந்த பாட்டு’ என்று வந்தவர் எல்லாரும் தத்தம் நாட்டுக்கு முணுமுணுத்துச் செல்லத்தக்க ஒரு நல்ல தமிழ்ப்பாட்டு விழாவின் உயிராக நின்றதா? ‘நம்ம செசு நம்ம பெருமை’ என்று ஊரெங்கும் எழுதிவைத்தோம். அவ்விளையாட்டுக்கு ஆனைக்குப்பு என்னும் பழந்தமிழ்ப் பெயர் உண்டென்பதை எத்தனை பேர்க்குக் கூறினோம்? பெருமை நமது; சொல் மட்டும் பிறருடையதா?

இசைக்கருவிக்கு நாம் பகைவர் அல்லர். ஆனால், சொல்லைப் பின்தள்ளிவிட்டுக் கருவியை முன்னிறுத்துவது தமிழர் மரபன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் புரட்டிப் பாருங்கள். மாதவி ஏறிய அரங்கிற்கு ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவர்க்கும் தனித்தனியே தகுதி வகுக்கின்றார் இளங்கோவடிகள். குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், தண்ணுமையைத் தொடர்ந்து முழவும் நின்ற ஒழுங்கையும் கூறுகின்றார். அவ்வரங்கில் புலவனுக்கு இடமிருந்தது. இன்றைய அரங்கில் அவனுக்கு இடம் எங்கே? ஒலியமைப்பவர், ஒளியமைப்பவர், திரைப்பட இயக்குநர் எல்லாரையும் அமர்த்திய பின்னர், மிச்சமிருக்கும் இடுக்கில் நாலு வரி எழுத ஆள் தேடுவதன்றோ இற்றை வழக்கம்?

இதைக் கேட்கும் உரிமை மற்றெவரினும் கொங்குநாட்டார்க்கு மிகுதி. அக்காதைக்கு விரிவான இசையுரை கண்ட அடியார்க்குநல்லார், கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பது அறிஞர் கொள்கை. தமிழிசைக்குத் தோள்கொடுத்து நின்று சிலம்புக்கு உரையும் எழுதிய ஆர்.கே. சண்முகம் கோவையர். மேடையேறித் தமிழ்ப்பாட்டால் நாட்டையே கட்டிப்போட்ட கே.பி. சுந்தராம்பாள் கொடுமுடியில் பிறந்தவர். இவர்தம் வழிவந்த நாம் வாளாவிருக்கலாமா?

ஏட்டில் மட்டுமா இசை வாழ்கின்றது? நம் சிற்றூர்களுக்குச் செல்லுங்கள். கோவை வட்டாரத்துத் துடும்பு முழங்கினால் கால் தானாக ஆடும். பெருஞ்சலங்கை கட்டிய ஆட்டக்காரர் அடியெடுத்து வைத்தால் மண் பேசும். உடுக்கையொலியோடு அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பாடும் பாவாணர் இங்கிருந்தனர். 1965-இல் பிரெண்டா பெக்கு என்னும் அயல்நாட்டு அம்மையார் காங்கேயம் பக்கத்துச் சிற்றூரில் தங்கி அக்கதையைப் பதிவு செய்து சென்றார். நம் செல்வத்தின் அருமையை அயலார் வந்து நமக்குக் கூறவேண்டியிருந்தது! வள்ளி ஒயில் கும்மியை வாழ்நாளெல்லாம் பயிற்றுவித்து, பெண்களையும் அதில் ஆடச்செய்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன், 2024-இல், தம் 87-ஆம் அகவையில், தாமரைத்திரு விருது பெற்றார்.

இத்தகைய கலைஞர்க்கு நம் பெருவிழாக்களில் தரப்படும் இடம் எது? பெரும்பாலும் வாயிற்புறம்! அமைச்சர் உந்திலிருந்து இறங்கும்பொழுது வெயிலில் நின்று முழக்க வேண்டும். அவர் உள்ளே சென்றதும் முழக்கம் நின்றுவிட வேண்டும். மேடையும் ஒளியும் பெருந்தொகையும் வேறொருவர்க்கு. வாயிலில் நிற்பவன் கலை வரவேற்புக்கு ஆகும். நிறைவுக்கு ஆகாது என்பதே இதன் பொருள். இது கலைக்கு மட்டும் இழைக்கும் இழிவன்று. அக்கலையைப் பிறப்பால் தாழ்ந்தவன் கலையென்று ஒதுக்கிவைத்த பழைய இழிவின் தொடர்ச்சியுமாகும்.

உலகம் எவ்வாறு நடந்துகொள்கின்றது? 1992-இல் பார்சிலோனாவில் ஒலிம்பிக்கு நடந்தபொழுது, பிராங்கோவின் கொடுங்கோலாட்சியில் நெரிக்கப்பட்டிருந்த கற்றலான் மொழி அவ்விழாவின் நான்கு அலுவல் மொழிகளுள் ஒன்றாய்த் தலைநிமிர்ந்தது. தனியரசு இல்லாத இனத்தின் மொழி அது! 2000-ஆம் ஆண்டு அக்தோபர் முதல் நாளன்று சிட்னியில் நடந்த நிறைவு விழாவில், ஆத்திரேலியப் பழங்குடியினரின் யோத்து யிண்டி குழுவினர், தம் மக்கட்குத் தருவதாய்க் கூறித் தராமற்போன உடன்படிக்கையைப் பற்றிப் பாடினர். சில ஆயிரவரே பேசும் அவர்தம் தாய்மொழி வரிகள் அப்பாட்டில் உண்டு. அதே மேடையில் வெள்ளையர் குழு ஒன்று ‘பொறுத்தருள்க’ என்னும் பொருள்தரும் சொல் பொறித்த கருப்பு உடையோடு நின்று பாடியது. பழங்குடியினரிடம் பொறுத்தல் கேட்க மறுத்துவந்த அந்நாட்டுத் தலைமையமைச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2008-இல் அடுத்த தலைமையமைச்சர் பாராளுமன்றத்தில் பொறுத்தல் கேட்டார். பாட்டு ஒன்றே அதைச் செய்துவிட்டது என்று கூறோம். ஆனால், நிறைவு விழா மேடை வெறும் வேடிக்கைக்குரியதன்று. ஓர் இனம் தன் நெஞ்சத்தைத் திறந்துகாட்டும் இடம் என்பதை அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது. சில ஆயிரவர்க்கு வாய்த்தது, பல கோடியர்க்கு வாய்க்காமற்போனால், குறை எண்ணிக்கையிலா? எண்ணத்திலா?

2024 சனவரியில் இந்திய இளையோர் விளையாட்டு விழா நம் மாநிலத்தின் நான்கு நகர்களில் நடந்தபொழுது கோவையும் அவற்றுள் ஒன்றாயிருந்தது. வேலுநாச்சியார் அதன் அடையாள உருவமானார். சிலம்பமும் களம் கண்டது. இவை நல்ல அறிகுறிகள். இனிவரும் விழாக்களில் நாம் கேட்கவேண்டுவன நான்கு. இசையமைப்பாளரை அமர்த்துமுன் பாவலரை அமர்த்துக. தூய தமிழ்ப்பாட்டே விழாவின் பாட்டாகுக. துடும்பும் பறையும் கும்மியும் வாயிலில் அன்று, நிறைவு மேடையில் முதன்மையாய் நிற்க. அக்கலைஞர்க்குரிய ஊதியம் பிற கலைஞர்க்கு ஒப்ப அமைக.

இவற்றை அரசிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்டுக்கொள்ளும் கடமையும் உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடக்கின்றதன்றோ? அதன் நிறைவில் ஒலிபெருக்கியில் ஒலிப்பது எது? திரைப்படக் குத்துப்பாட்டா? ஆங்கிலக் கூச்சலா? அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் தலைமையாசிரியரைச் சென்று பாருங்கள். உள்ளூர்ப் பாவலர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். உள்ளூர்த் துடும்புக்காரரை மேடையேற்றுங்கள். பிள்ளைகளைப் பாடச் செய்யுங்கள். சிற்றூர்ப் பள்ளித் திடலில் கேளாத தமிழ், பெருநகர் அரங்கில் தானாக வந்து ஒலிக்காது.

கேட்டவர்க்குத்தான் பாட்டு, கேளாதவர்க்கு முழக்கம் மட்டுமே. தமிழர்காள், வாய்திறந்து கேளுங்கள்!