பின்மூடியைத் திறக்காதீங்க! - தாத்தா கேமராவில் ஒரு புது ஹாபி

பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போதுதான் பல வீடுகளில் பரணுக்கே வெளிச்சம் கிடைக்கும். பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, ஓடாத டைம்பீஸ்... இவற்றுக்கு நடுவே ஓர் உறைக்குள் பழைய கேமரா. அப்படி ஒரு வீட்டில், கல்லூரியில் படிக்கும் பேத்தியின் கையில் சிக்கியது ஆக்ஃபா கிளிக் 3. ஒரு காலத்தில் இந்திய நடுத்தரக் குடும்பங்களின் செல்லக் கேமரா அது.

''தாத்தா, இதைத் திறந்து பார்க்கட்டுமா?''

''திறக்காதேம்மா! பின்னாடி சின்னதா சிவப்புக் கண்ணாடி இருக்கும். அதுல நம்பர் தெரியுதான்னு முதல்ல பாரு.''

தெரிந்தது. மங்கலாக, 8.

அப்படியென்றால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. ஏழு படம் எடுத்துவிட்டு எட்டாவதுக்குக் காத்திருக்கிறதா, எட்டையும் எடுத்தாயிற்றா என்று தாத்தாவுக்கு நினைவில்லை. ''எண்பத்தி நாலோ, அஞ்சோ இருக்கும். உங்க பாட்டி இருந்தப்ப'' என்று மட்டும் சொன்னார். அந்த நொடியில் மூடியைத் திறந்திருந்தால், ஜன்னல் வெளிச்சம் பட்டு அந்தப் படங்களில் பெரும்பாலானவை போயிருக்கும்.

பழைய கேமரா கையில் கிடைத்தால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: திறக்காமல் இருப்பது. எண் தெரிந்தால், வெளிச்சம் குறைந்த அறையில் குமிழை மெதுவாகத் திருகி ஃபிலிமைக் கடைசிவரை சுற்ற வேண்டும். திருகுவது லேசாகி, கண்ணாடியில் காகிதமும் தெரியாமல் போனபிறகு திறந்து ரோலை எடுக்கலாம். பழைய ரோலின் பசை காய்ந்திருக்கும். அதனால் அவிழாமல் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, அலுமினிய ஃபாயிலில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். இந்த வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். காகிதத்தில் 'இந்து' என்று அச்சிட்டிருந்தது. ஊட்டியில் இருந்த மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் தயாரிப்பு. அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை.

''இதை நானே கழுவிப் பார்க்கிறேன்'' என்றாள் பேத்தி.

''முதல்ல புது ரோல் நாலு கழுவிப் பழகு. அப்புறம் இதைத் தொடு'' என்றார் தாத்தா.

அது என்ன 120?

கிளிக் 3-ல் போடும் ஃபிலிமுக்கு 120 என்று பெயர். கோடக் நிறுவனம் 1901-ல் தன் பிரௌனி கேமராவுக்காகக் கொண்டுவந்தது. இன்றும் புதிதாகத் தயாராகிறது. 120 ஆண்டுகளுக்கு முந்தைய கேமராவில் இன்று வாங்கிய ரோலைப் போட்டுப் படம் எடுக்க முடிகிற அதிசயம் இதனால்தான்.

கல்யாண ஆல்பங்களில் பார்த்துப் பழகிய 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 24 x 36 மில்லிமீட்டர். 120-ல் சதுரப் படம் எடுக்கும் கேமராவில் அது சுமார் 56 x 56 மில்லிமீட்டர். பரப்பளவில் மூன்றரை மடங்குக்கும் மேல். நெகட்டிவ் பெரிது என்பதால், படத்தைப் பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளியாக உடையாமல் வழுவழுப்பாக இருக்கும். இதைத்தான் 'மீடியம் ஃபார்மட்' என்கிறார்கள்.

ஒரு ரோலில் சதுரப் படங்கள் 12. நீளவாக்கில் பெரிய படம் எடுக்கும் கேமராக்களில் 8 அல்லது 10. அவ்வளவுதான்! செல்போனில் ஒரு பிறந்தநாள் கேக் வெட்டுவதற்குள் நாற்பது படம் எடுத்துப் பழகிய கைக்கு இது பெரிய சோதனை. ரோல் விலையைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால், ஷட்டரை அழுத்தும் முன் விரல் தானாக யோசிக்கும்.

எந்தக் கேமரா வாங்கலாம்?

வீட்டில் பெட்டிக் கேமரா இருந்தால் அதிலேயே தொடங்கலாம். இதில் மாற்றிக்கொள்ள அதிகம் கிடையாது. வெயிலில் நின்று, சுமார் பத்தடி தள்ளி எடுத்தால் போதும். ஷட்டர் மெதுவானது என்பதால் கை ஆடக் கூடாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும்.

அடுத்த படி, இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. மேலிருந்து குனிந்து பார்த்தால் கண்ணாடித் திரையில் உலகம் இடவலம் மாறித் தெரியும். ஜெர்மனியின் ரோலிஃப்ளெக்ஸ் 1929-ல் இந்த வகையைப் பிரபலமாக்கியது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவும் ரோலிஃப்ளெக்ஸ் பயன்படுத்தியவர். ஜப்பானின் யாஷிகா மேட் 124ஜி இதே வகையில் விலை குறைவானது. செகண்ட் ஹேண்டில்தான் வாங்க முடியும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரிகிறதா? ஒரு விநாடி ஷட்டர் உண்மையில் ஒரு விநாடி ஓடுகிறதா, நடுவில் சிக்குகிறதா? குமிழ் வழுக்காமல் திரும்புகிறதா? லைட் மீட்டர் வேலை செய்யவில்லை என்றால் கவலை வேண்டாம். போனில் இலவச லைட் மீட்டர் ஆப் கிடைக்கிறது.

வெளிச்சக் கணக்கு

ஆப்பும் இல்லையா? பழைய போட்டோகிராபர்களின் வாய்ப்பாடு இருக்கிறது. நல்ல வெயிலில் அபெர்ச்சர் 16. ஷட்டர் வேகம், ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. 400 ஃபிலிம் என்றால் 1/500. 125 ஃபிலிம் என்றால் 1/125. மேகம் மூடினால் அபெர்ச்சரை 8 ஆக்கலாம். திறந்தவெளி நிழலில் 5.6 அல்லது 4. சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வெளிச்சம் கொடுக்கலாம். கறுப்பு வெள்ளை ஃபிலிம் கூடுதலைத் தாங்கும்; குறைச்சலைத் தாங்காது. நிழலில் விழாத விவரத்தைப் பிறகு எந்த மருந்தாலும் கொண்டுவர முடியாது.

இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ், அமெரிக்காவின் கோடக் ட்ரை-எக்ஸ் இரண்டும் 400 வேகம். இல்ஃபோர்ட் எஃப்.பி.4 பிளஸ் 125. செக் நாட்டு ஃபோமாபான் 100, 200, 400 மூன்றிலும் வருகிறது. பெட்டிக் கேமராவுக்கு 100 அல்லது 125 போதும். பேத்தி வாங்கியது எஃப்.பி.4 பிளஸ்.

லோடு செய்யும்போது வெயிலில் நிற்கக் கூடாது. காலி ஸ்பூலில் காகித நுனியைச் செருகி, தளராமல் சுற்றி, மூடியபிறகு 1 தெரியும்வரை திருக வேண்டும். சிவப்புக் கண்ணாடி மேல் கறுப்பு டேப் ஒட்டி, திருகும்போது மட்டும் நிழலில் விலக்கிப் பார்ப்பது நல்லது. இன்றைய ஃபிலிம்களுக்குச் சிவப்பு வெளிச்சமும் ஆகாது. முடிந்ததும் ரோலை இறுக்கமாகப் பிடித்து, காகிதப் பட்டையின் பசையை ஈரமாக்கி ஒட்டிவிட வேண்டும்.

குளியலறையே டார்க் ரூம்

ஃபிலிம் கழுவத் தனி அறை தேவையில்லை. மூடியுடன் கூடிய டெவலப்பிங் டேங்க், தெர்மாமீட்டர், அளவுக் குவளை, டெவலப்பர், ஃபிக்சர் போதும். (பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஃபிக்சரை 'ஹைப்போ' என்பார்கள்.) காகிதத்திலிருந்து ஃபிலிமைப் பிரித்து, டேங்க்கின் ரீலில் ஏற்றி மூடும் வரைக்கும்தான் முழு இருட்டு வேண்டும். ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் துணி வைத்து, இரவில் குளியலறையிலேயே செய்யலாம். கையை மட்டும் நுழைக்கும் கறுப்புப் பை கிடைக்கிறது. ஆனால் நம் ஊர் வியர்வையில் பைக்குள் ஈரம் கட்டி ஃபிலிம் ஒட்டிக்கொள்ளும்.

டேங்க்கை மூடிவிட்டால் மீதி வேலை வெளிச்சத்தில். நம் ஊரின் பெரிய வில்லன், தண்ணீரின் சூடு. மருந்துகளின் கணக்கெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு. கோடையில் நம் குழாயில் வருவதோ 30-ஐத் தாண்டும். ஒரு பக்கெட்டில் ஐஸ் கட்டி போட்ட தண்ணீர் வைத்து, மருந்துப் பாட்டில்களையும் கழுவும் தண்ணீரையும் அதில் உட்கார வைத்தால் 20-க்கு வந்துவிடும். எல்லாத் திரவமும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபிலிமின் மேல்பூச்சு சுருங்கி வெடிக்கக்கூடும்.

எஃப்.பி.4 பிளஸை இல்ஃபோர்ட் ஐடி-11 டெவலப்பரில், மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காமல், 20 டிகிரியில் எட்டரை நிமிடம் வைக்க வேண்டும். முதல் 10 விநாடிகளில் டேங்க்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே போல நான்கு முறை. ஒவ்வொரு தடவையும் டேங்க்கைத் தரையில் லேசாகத் தட்டினால் காற்றுக் குமிழ்கள் விலகும். அடுத்து ஒரு ஸ்டாப் பாத், பிறகு ஃபிக்சர். கடைசியில் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, தூசியில்லாத இடத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும்.

சமையலறைப் பாத்திரங்களை இதற்குத் தொடவே கூடாது. கையுறை அவசியம். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும் என்பதால் செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது.

பேத்தியின் முதல் ரோல் என்ன ஆனது? ரீலில் ஈரம் இருந்தது. இருட்டில் ஃபிலிம் பாதியில் சிக்க, வேகமாகத் தள்ளியதில் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடத்தில் மருந்து படவில்லை. பன்னிரண்டில் மூன்று காலி. வெளியே வந்து நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தவள், ''நல்லவேளை தாத்தா, இது உங்க ரோல் இல்லை'' என்றாள். அடுத்த நாள் அந்தக் கெட்டுப்போன ஃபிலிமையே எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை ரீலில் ஏற்றிப் பழகினாள்.

நெகட்டிவை விட்டுடாதீங்க

பிரின்ட் போட வசதி இல்லை என்றாலும் படத்தைப் பார்த்துவிடலாம். டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து, அதற்கு மேல் சற்று உயரத்தில் நெகட்டிவைப் பிடித்து போனில் படம் எடுத்து, எடிட்டிங் ஆப்பில் நிறத்தைத் தலைகீழாக்கினால் போதும். அதன்பிறகு நெகட்டிவை அதற்கான உறையில் போட்டு, தேதி எழுதி, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். போன் தொலையலாம், பாஸ்வேர்டு மறக்கலாம். நெகட்டிவைப் பார்க்க ஜன்னல் வெளிச்சம் போதும்.

அமெரிக்காவின் சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர் விவியன் மேயர். ஓய்வு நேரத்தில் ரோலிஃப்ளெக்ஸுடன் தெருத்தெருவாகச் சுற்றிப் படம் எடுத்தார். வாடகை பாக்கிக்காக அவருடைய பெட்டிகள் 2007-ல் ஏலம் போயின. 2009-ல் அவர் இறந்த பிறகுதான் அந்தப் படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஏராளமான ரோல்களை அவர் கழுவாமலே விட்டுச் சென்றிருந்தார். பல படங்களை எடுத்தவரே பார்க்கவில்லை.

ஐந்தாவது ரோல்

நான்கு ரோல் சுத்தமாக வந்தபிறகு, ஃபிரிட்ஜிலிருந்து பழைய ரோல் வெளியே வந்தது. இப்படிப்பட்ட ரோலை அனுபவமில்லாமல் தனியாகச் செய்வது ஆபத்து. அதே ஊரில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று நேரம் சொன்னார். ரீலில் ஏற்றியது பேத்தியின் கை.

பெரும்பாலும் ஒரே சாம்பல் மூட்டம். நாற்பது வருஷம் பரண் சூட்டில் கிடந்த ஃபிலிம் அப்படித்தான் இருக்கும். எட்டாவது இடம் காலி. அப்படியென்றால் எடுத்தது ஏழுதான். ஐந்தில் சதுரத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது. இரண்டில் உருவம் இருந்தது. அதில் ஒன்றில் மொட்டை மாடி, விரித்த வேட்டி, நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்தபடி ஒரு பெண்.

போன் திரையில் தாத்தா வெகு நேரம் பார்த்தார். ''வடாம் காய வெச்சிருக்கா. என்னைக் காக்கா விரட்டச் சொன்னா. நான் கேமராவை எடுத்துட்டுப் போய் நின்னேன். திட்டிட்டே இருந்தா'' என்றார்.

கிளிக் 3-ல் இப்போது புது ரோல். கறுப்பு டேப்பை விலக்கினால் சிவப்புக் கண்ணாடியில் 1 தெரிகிறது. முதல் படத்துக்கு மாடியில் உட்கார வேண்டியவர் தாத்தா. வெயில் நன்றாக வரட்டும் என்று காத்திருக்கிறாள் பேத்தி.