ஷிஃப்ட் மாறும் ஊரில் ஜெபவேளை

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையுள்ள ஆலைகளில் உழைக்கும் இளம் விசுவாசிகளுக்குத் தனி ஜெபத்தைப் பற்றி நம் சபைகள் சொல்லும் முதல் பாடம், பெரும்பாலும் அதிகாலையில் எழும்பு என்பதுதான். நைட் ஷிஃப்டில் இருப்பவருக்கு அதிகாலை நான்கு மணி, லைனில் நின்று தூக்கத்தோடு போராடும் நேரம். ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு மாறிவிட்டால், விடியுமுன்னே கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். கடிகாரத்தோடு கட்டிய ஒழுங்கு இவர்களிடம் சில வாரங்கள்கூடத் தாங்காது. அப்போது அவர்கள் ஒழுங்கைக் குறை சொல்வதில்லை. தங்கள் விசுவாசமே குறைவென்று எண்ணி, ஜெபத்தையே கைவிடுகிறார்கள். இந்தக் குற்றவுணர்வை ஏற்றி வைத்தவர்கள் நாம். இறக்கி வைக்க வேண்டியவர்களும் நாமே.

ஒரே ஒரு வேளைதான் ஜெபவேளை என்று திருச்சபை ஒருநாளும் கட்டிப்போட்டதில்லை. ஆதிச் சபையின் கையேடான திதாகே, கர்த்தருடைய ஜெபத்தை நாளொன்றுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது, மணி குறிக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் துறவி யோவான் காசியன், எழுபதாம் சங்கீதத்தின் முதல் வசனத்தை வேலையிலும் பயணத்திலும் படுக்கும்போதும் விடாமல் சொல்லப் பரிந்துரைத்தார். நம் கரையிலேயே சான்று உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அடிப்படை ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, காற்றையும் கடலையும் பார்த்துத் தொழிலுக்குப் போகும் பரதவ மக்களுக்கு மனப்பாடமாகக் கற்பித்தார். இவற்றிலிருந்து நமக்குக் கிடைப்பது எளிய வழி: சொற்கள் சிறியவையாக, நெஞ்சில் பதிந்தவையாக இருக்கட்டும், அவற்றை மணியோடு கட்டாமல் வேலைநாளின் திருப்பங்களோடு கட்டுவோம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு சங்கீத வசனம். கேன்டீனில் சாப்பிடும் முன் கர்த்தருடைய ஜெபம். அறைக்குத் திரும்பி, அது பகலோ இரவோ, படுக்குமுன் அன்றைய வேலையைத் திரும்பிப் பார்த்து நன்றியும் அறிக்கையும், பக்கத்தில் நின்று வேலை செய்தவரின் பெயரும். நீண்ட தியானம் வார விடுமுறைக்கு. செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாத ஆலைகளில் வேதாகமச் செயலி கைகொடுக்காது, மனப்பாடம் கைகொடுக்கும்.

இயேசுவே இருட்டோடே எழுந்து ஜெபித்தாரே என்று கேட்கலாம். அதைச் சொல்லும் மாற்குவே, அவர் ஜனங்களை அனுப்பிவிட்டுச் சாயங்காலத்தில் மலையேறியதையும் சொல்கிறார். லூக்கா, அவர் இராமுழுவதும் ஜெபித்ததைச் சொல்கிறார். அவர் தேடியது தனிமையை, ஒரு குறிப்பிட்ட மணியை அல்ல. குறுகிய ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, இயேசு எச்சரித்த வீண்வார்த்தை அலப்பலாகிவிடாதா என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த எச்சரிக்கைக்கு அடுத்தாற்போலவே ஆண்டவர் கற்றுக்கொடுத்தது ஒரு சிறு ஜெபம். ஆகவே சொற்களின் அளவைவிட, அவற்றைச் சொல்லும் மனம் எங்கே இருக்கிறது என்பதையே நாம் கவனித்துப் பழக்க வேண்டும்.

கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்லும் இயேசுவின் கட்டளைதான் இங்கே கடினமானது. இப்பகுதியின் வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அத்தகைய இடங்களில் தனியறை ஏது? எனவே நெடுஞ்சாலையோர ஆலயங்கள் ஞாயிறு தவிர மற்ற நாட்களிலும், ஷிஃப்ட் விடும் நேரங்களிலாவது திறந்திருக்க வேண்டும். உழைப்பின் பாரத்தை ஜெபத்தால் மூடி மறைக்கிறோம் என்ற விமர்சனமும் வரும். அதை ஒதுக்கிவிட முடியாது: 2021 டிசம்பரில் தொழிலாளர் விடுதி உணவு நஞ்சாகி, பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடிய மண் இது. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கக் கற்றவர் நல்ல உணவையும் உறக்கத்தையும் கேட்கத் தயங்கக் கூடாது. அப்படிக் கேட்பவர்களோடு போதகரும் நிற்க வேண்டும். ஜெபத்தைப் பற்றி ஆலோசனை கேட்டு வருபவரிடம் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்டுத் தொடங்குவோம். அவருக்கேற்ற ஒழுங்கை அவரோடு உட்கார்ந்து வகுப்போம்.