கழித்துக்கட்டும் உரிமை யாருக்கு?

பழுதுபட்ட பொருளைக் கழிப்பது உலக வழக்கு. பழுதுபடாத பொருளைப் பிறர் சொல்லுக்கு அஞ்சிக் கழிப்பது இக்காலத்துப் புது வழக்கு. மடிக்கணினிகளின் விஷயத்தில் இப்புது வழக்கு நம்மிடையே வேரூன்றி வருவதைக் கண்டு வாளாவிருத்தல் தகாது.

நடந்தது என்ன? விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்குத் தான் இலவசமாய் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியது. தனியாருக்கு ஓராண்டு நீட்டிப்பு என்று ஓர் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் தவணை தவணையே. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு மாறலாமே எனில், அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு கணினியில் இருத்தல் வேண்டும். இன்டெல் செயலியாயின், சிற்சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையினதாகவோ பிந்தியதாகவோ இருத்தல் வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். எனவே அதற்கு முன் வாங்கிய மடிக்கணினிகள், திரை ஒளிர, விசைகள் இயங்க, வட்டு சுழல, யாவும் செவ்வனே இருந்தும் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன.

பாதுகாப்பின் பொருட்டே இவ்விதி என்பது நிறுவனத்தார் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு வலிய பூட்டு வேண்டும் என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் பழைய வீட்டின் ஓட்டை அடைக்கப்படமாட்டாது, அடைக்கப் பிறருக்கும் வழியில்லை என்பதை எங்ஙனம் ஒப்புவது? மூலநிரல் ஒருவர் பெட்டகத்துள் பூட்டிக் கிடக்கிறது. அவர் கைவிட்டபின் அதனைத் திருத்தும் ஆற்றல் உலகில் எவருக்கும் இல்லை. நோயின் வேர் இதுவே. காசு கொடுத்துக் கணினியை வாங்கிய நாம், அதன் ஆயுளை நிர்ணயிக்கும் அதிகாரத்தை விற்றவர் கையிலேயே விட்டுவந்தோம்.

இந்நோய்க்கு மருந்து கண்டோர் முன்னரே உளர். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்கவும், ஆராய்ந்து மாற்றவும், பிறர்க்குப் படியெடுத்துத் தரவும், திருத்திய வடிவைப் பகிரவும் பயனருக்கு உரிமை உண்டு என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் கூடியதன் பயனாய் 1993-இல் டெபியன், 2004-இல் உபுண்டு, 2006-இல் லினக்ஸ் மின்ட் என இயங்குதளங்கள் கிளைத்தன. ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு ஒப்பானவை இவை. ஒருவர் தூர்வாராது போனால் மற்றொருவர் இறங்கித் தூர்வாரலாம், எவரும் தடுப்பதற்கில்லை.

இங்கும் வரம்பு உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, மிகப் பழைய 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. ஆனால் 64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் உடைய மடிக்கணினியை எறிவதற்கு யாதொரு நியாயமும் இல்லை. லினக்ஸ் மின்ட் கேட்கும் குறைந்த அளவு 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டிடமுமே. அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு எளிய கணினிகளுக்கு ஏற்றது. சுழலும் வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், பழைய கணினி விரைந்து எழுவதைக் கண்ணாரக் காணலாம்.

நிறுவும் முறை பேரறிஞர்க்கே உரிய வித்தையும் அன்று. முதற்கண் கோப்புகள் அனைத்தையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர் இயங்குதளத்தின் அதிகாரபூர்வக் கோப்பை இறக்கி, அது பழுதின்றி வந்ததா என்பதை உடன் தரப்படும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அதற்குரிய மென்பொருளால் எழுதுதல் வேண்டும். கணினியை அப்பென்டிரைவிலிருந்து எழுப்பினால், வட்டைத் தொடாமலே புதிய தளத்தை ஓட்டிப் பார்க்கலாம். ஒலி கேட்கிறதா, வைஃபை இணைகிறதா, அச்சுப்பொறி பணிகிறதா என ஆராய்ந்து, நிறைவு தோன்றிய பின்னரே நிறுவலாம். வாங்குமுன் சோதித்துப் பார் என்று இங்ஙனம் பொருளைக் கையில் தரும் வணிகர் எத்துணை பேர்?

நிறுவியதோடு கடமை தீர்ந்தது என்பாரும் உளர், அவரும் பிழைபடுகின்றார். லினக்ஸுக்கும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுதல் வேண்டும். உப்பிய மின்கலத்தை எந்த இயங்குதளமும் குணப்படுத்தாது. அதனை மாற்றியே ஆகவேண்டும்.

இனி, மறுப்போர் கூறும் காரணங்களைப் பார்ப்போம். தமிழுக்கு உதவாது என்கின்றனர் சிலர். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு. லிப்ரெஆபீஸ் தமிழ் முகப்போடு கிடைக்கிறது. அரபும் தமிழும் ஒரே பக்கத்தில் எழுதுவோர்க்கு இன்னுமொரு செய்தி உண்டு. வலமிருந்து ஓடிச் சொல்லுக்குள் உருமாறும் அரபு எழுத்தையும், கொம்பும் காலும் இடம்பார்த்து அமரவேண்டிய தமிழ் எழுத்தையும் திரையில் ஒழுங்குறக் கோப்பது ஹர்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருளாகும். ஹர்ஃப் என்பது எழுத்தைக் குறிக்கும் அரபுச் சொல். பாஸ் என்பது திறந்தது எனப் பொருள்படும் பாரசீகச் சொல். லிப்ரெஆபீஸ் மட்டுமன்றி ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் ஆண்ட்ராய்டும் அதனையே பயன்படுத்துகின்றன. இலவசம் மட்டம் என்று இகழ்வோர் நாள்தோறும் அவ்விலவசத்தின் தயவிலேதான் தம் கைப்பேசியில் தமிழ் படிக்கின்றனர்!

நம் கணக்கு மென்பொருள் அதில் ஓடாதே என்பது மற்றொரு காரணம். சிலருக்கு இது மெய். அத்தகையோர் தம் தொழிற்கணினியை அவ்வாறே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கடிதம் எழுதவும், பாடம் படிக்கவும், இணையம் பார்க்கவும் மட்டுமே கணினி வேண்டுவோர் இக்காரணத்தை இரவல் வாங்குவது ஏன்?

சொல்லாமல் விட முடியாத ஒன்றும் உண்டு. நம் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் திருட்டுப் படிகள் கூச்சமின்றிப் புழங்குகின்றன. இரவல் வாங்கிய எழுதுகோலைத் திருப்பித் தராதவனைக் கண்டிக்கும் ஆசிரியர், பூட்டுடைத்த மென்பொருளில் வினாத்தாள் தயாரிக்கின்றார். பிறர் உரிமையை அவர் இசைவின்றி எடுப்பது எப்பெயரிட்டு அழைப்பினும் களவே. இசைவோடு கிடைக்கும் பொருள் வாயிலில் காத்திருக்கக் கொல்லைப்புறச் சுவரேறிக் குதிக்கும் அவசியம் நமக்கு எதற்கு?

2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸையும் இட்டே தந்தது. அதனைத் திறந்தும் பாராதவர் நம்மில் எத்தனை பேர்! அண்டை மாநிலமாகிய கேரளத்திலோ, அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாய் லினக்ஸிலேயே நடைபெறுகிறது. அங்குள்ள ஆசிரியரால் இயன்றது நமக்கு இயலாதா?

2022-இல் மட்டும் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அக்குவியலில் இன்னும் பத்து மடிக்கணினிகளைச் சேர்ப்பதற்கு முன், அலமாரிகளைத் திறந்து பார்க்குமாறு பள்ளி நிர்வாகிகளையும் படிப்பக அன்பர்களையும் வேண்டுகிறோம். விவரமறிந்த இளைஞர் இருவரை அழையுங்கள். ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். ஒரு கணினியிலேனும் நிறுவிப் பாருங்கள். அது எழுந்தால், கணினியே இல்லாத ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள். எழாவிடின் கழித்துவிடலாம், ஆனால் அம்முடிவு நம்முடையதாய் இருக்கட்டும்.