விவாகரத்துத் தீர்ப்பை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்! - வெளிநாட்டில் மறுமணம்... என்னென்ன ஆவணங்கள் தேவை?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் காலை நேரத்தில் நடந்தால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் விலை பேசும் வெளிநாட்டுக்காரர்களைப் பார்க்கலாம். 1934-ல் வெளியான பால் பிரண்டனின் புத்தகம் ரமணரை மேற்கு நாடுகளுக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அதிலிருந்து ஆசிரமத்தைத் தேடி வருபவர்கள் குறையவில்லை. ஒரு மாதம் என்று வந்து ஆண்டுக்கணக்கில் தங்கியவர்களும் உண்டு. இப்படி ஊரோடு பழகும்போது நட்பு வரும், காதலும் வரும்.

இந்த வாரக் கேள்வி அந்த ஊரிலிருந்துதான் வந்திருக்கிறது. "எனக்கு 36 வயது. விவாகரத்தாகி ஒன்றரை வருடம் ஆகிறது. வெளிநாட்டவர் ஒருவரை அவருடைய நாட்டிலேயே திருமணம் செய்துகொள்ளப் போகிறேன். நான் 'சிங்கிள்' என்பதற்குச் சான்று வேண்டுமாம். தாலுகா ஆபீஸில் 'திருமணமாகாதவர்' சான்றிதழ் வாங்கிக் கொடுத்து, முதல் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமலே முடித்துவிடலாமா? 'அந்த கோர்ட் பேப்பரை இன்னும் ஏன்டி வெச்சிருக்க, எரிச்சுத் தொலை' என்கிறார் அம்மா."

முடியாது அக்கா. அம்மாவின் கோபம் புரிகிறது. ஆனால், அவர் எரிக்கச் சொல்லும் அந்தத் தாள்தான் உங்கள் இரண்டாவது திருமணத்துக்கு முதல் ஆவணம்.

'சிங்கிள்' வேறு, 'திருமணமாகாதவர்' வேறு!

நம் பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வெளிநாட்டு விண்ணப்பங்களில் அப்படி இல்லை. 'இதுவரை திருமணமாகாதவர்', 'விவாகரத்தானவர்', 'துணையை இழந்தவர்' என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் டிக் செய்தால், அது பொய்த் தகவல். பழைய பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கலாம், திருமணம் பதிவாகியிருக்கலாம், வழக்கு விவரம் நீதிமன்ற இணையதளத்திலேயே இருக்கலாம். விசா விசாரணையில் பொய் தெரியவந்தால், அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு நிற்காது. பல ஆண்டுகள் அந்த நாட்டுக்குள் நுழையவே தடை வரலாம்.

அவர்கள் கேட்பது, 'இப்போது இவருக்குக் கணவர் இல்லை, மணமுடிக்கச் சட்டத்தில் தடையில்லை' என்பதற்கான ஆதாரம். அதற்கு வேண்டியவை, விவாகரத்துத் தீர்ப்பும், அதற்குப் பிறகு மறுமணம் செய்யவில்லை என்று நோட்டரி முன்னிலையில் நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழிப் பத்திரமும். சில நாடுகளில், அங்குள்ள இந்தியத் தூதரகம் தரும் சான்றையும் கேட்பார்கள்.

தீர்ப்பு வந்த மறுநாளே மணமுடிக்கலாமா?

இந்து திருமணச் சட்டம், 1955-ன் 15-வது பிரிவு இதைச் சொல்கிறது. மேல்முறையீடு செய்ய உரிமை இல்லாதபோதோ, அதற்கான காலம் முடிந்த பிறகோ, செய்த மேல்முறையீடு தள்ளுபடியான பிறகோதான் மறுமணம் செய்யலாம். குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள். எதற்கும் 90 நாள் பொறுத்திருப்பது நல்லது. பரஸ்பர சம்மதத்தில் குடும்ப நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. எதிர்த்தரப்பு வராமலே 'எக்ஸ்பார்ட்டி'யாகக் கிடைத்த தீர்ப்பு என்றால் கவனம் தேவை. அதை ரத்து செய்யக் கேட்டு அவர் மனு போட்டிருக்கிறாரா என்று வழக்கறிஞர் மூலம் பார்த்துவிடுங்கள்.

வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, தீர்ப்பு, டிக்ரி இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வக்கீல் கொடுத்த ஜெராக்ஸும், இணையத்தில் இறக்கிய பிரதியும் வெளிநாட்டில் செல்லாது. ஒன்றுக்கு மூன்று நகலாக வாங்கினால், பிறகு அலைய வேண்டாம். சில நாடுகளில் 'தீர்ப்பு இறுதியாகிவிட்டது' என்பதற்குத் தனியாகச் சான்று கேட்பார்கள். நம் நீதிமன்றங்கள் வழக்கமாக அப்படித் தனித்தாள் தருவதில்லை. மேல்முறையீடு இல்லை என்பதை எந்த வடிவத்தில் காட்டினால் ஏற்பார்கள் என்று அந்த அலுவலகத்திடமே கேளுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய 'விடுதலைப் பத்திரம்' மட்டும்தான் கையில் இருக்கிறது என்பவர்கள், முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். சில சமூகங்களின் வழக்காறு விவாகரத்தைச் சட்டம் ஏற்றாலும், அந்த வழக்காற்றை நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டு அதிகாரி நீதிமன்ற முத்திரையைத்தான் தேடுவார். முஸ்லிம் பெண்களுக்கும் இது பொருந்தும். ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் 'குலா' சான்றிதழ் வழங்க முடியாது, பெண்கள் குடும்ப நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

இனிஷியல் செய்யும் வேலை

பிறப்புச் சான்றிதழில் அப்பா வைத்த பெயர். பள்ளிச் சான்றிதழில் பெயரோடு ஓர் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயர். ஆதாரில் கணவர் பெயர். தீர்ப்பில் வக்கீல் டைப் செய்த எழுத்துக்கூட்டல். நமக்கு எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டுப் பதிவாளருக்கு ஐந்து பெண்கள்!

எல்லா ஆவணங்களையும் ஒரே மேஜையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். சின்ன வித்தியாசம் என்றால், 'இரண்டு பெயரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம் போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பெரிய மாற்றம் என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் முன்னாள் கணவர் பெயர் இருந்தால், விசாவுக்கு முன்பே மறுவெளியீடு செய்து நீக்கிவிடுங்கள்.

அப்போஸ்டில் என்னும் முத்திரை

நம் நீதிமன்ற முத்திரை உண்மையானதா என்று வெளிநாட்டு நகராட்சிக்குத் தெரியாது. அதை உறுதிசெய்வதுதான் 'அப்போஸ்டில்'. 1961 ஹேக் ஒப்பந்தப்படி, உறுப்பு நாடுகள் ஒன்றின் அப்போஸ்டிலை இன்னொன்று ஏற்கும். இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. கனடா 2024 ஜனவரி 11-ல்தான் இந்த முறைக்குள் வந்தது. பழைய அனுபவத்தை வைத்து உறவினர் சொல்லும் வழி இப்போது மாறியிருக்கலாம்.

தனிநபர் ஆவணங்களை முதலில் மாநில அரசு சான்றளிக்க வேண்டும். பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் தரும். அமைச்சகத்தின் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய். ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்சிகளின் சேவைக் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகரிடம், எதற்கு எவ்வளவு என்று ரசீது கேளுங்கள்.

எல்லா நாட்டுக்கும் இது போதாது. இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் ஜெர்மனிக்குப் போகும் ஆவணங்களை அந்நாட்டுத் தூதரகம் தனியாக விசாரித்துச் சரிபார்க்கும் முறை இருக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பம் தேவை.

மூன்று சின்ன எச்சரிக்கைகள். சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள், முத்திரை பதிக்க முடியாது. மொழிபெயர்ப்பை முத்திரைக்கு முன்னா, பின்னா, யார் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், காவல்துறை நற்சான்று போன்றவை சமீபத்தில் பெற்றவையாக இருக்க வேண்டும் என்பார்கள், எனவே ஒரேயடியாக முன்கூட்டியே வாங்கிக் குவிக்காதீர்கள். நற்சான்றுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம்.

எங்கே மணமுடிப்பது?

அவர் நாட்டுச் சட்டப்படி என்றால், அதற்கான விசா வேண்டும். அமெரிக்காவின் கே-1 விசாவில் போனால் 90 நாள்களுக்குள் மணமுடிக்க வேண்டும். பிரிட்டனின் வருங்காலத் துணை விசாவுக்கு 6 மாதம். சாதாரண சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், வெளிநாட்டுத் திருமணச் சட்டம் 1969-ன் கீழும் விண்ணப்பிக்கலாம். இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், ஒருவராவது அங்கே 30 நாள் தங்கியிருக்க வேண்டும். ஆனால், எல்லா நாட்டிலும் இந்த வசதி இருக்காது.

மூன்றாவது வழி, நம் ஊரிலேயே சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் கீழ் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவுத் திருமணம். அண்ணாமலையார் சந்நிதியில் மாலை மாற்றிக்கொள்வது மனநிறைவு தரும். ஆனால், இந்து திருமணச் சட்டம் இந்துக்கள் இருவருக்கானது. மணமகன் வேறு மதம் என்றால், கோயில் சடங்கு மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது.

அவரிடமும் கேளுங்கள்!

நம் ஆவணங்களைத் தேடும் அவசரத்தில், எதிரில் இருப்பவரின் ஆவணங்களைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். அவருக்கும் முந்தைய திருமணம் இருந்திருந்தால், இறுதியான விவாகரத்து ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். 'பிரிந்து வாழ்கிறோம்' என்பது விவாகரத்து அல்ல.

இந்தியாவில் மணமுடித்து வெளிநாட்டில் விவாகரத்து வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1975-ல் திருப்பதியில் மணமுடித்த தம்பதியில் கணவர், அமெரிக்காவின் மிசௌரி மாகாண நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கி மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவி வழக்கு தொடுத்தார். 1991-ல் உச்ச நீதிமன்றம், அந்த அமெரிக்கத் தீர்ப்பு இந்தியாவில் செல்லாது என்றது. எந்தச் சட்டப்படி மணமுடித்தார்களோ, அந்தச் சட்டம் ஏற்கும் காரணமும் நீதிமன்ற அதிகாரமும் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எதிர்த்தரப்பு தானாக முன்வந்து வழக்கில் பங்கேற்றது, சம்மதித்தது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வழக்கறிஞர்கள் இதை 'நரசிம்மராவ் வழக்கு' என்பார்கள்.

முதல் திருமணத்தில் பிறந்த குழந்தையை உடன் அழைத்துப் போவதானால், உங்கள் திருமண வேலைக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். குழந்தை யாரிடம் என்பது தீர்ப்பில் தெளிவாக இருக்கிறதா, வெளிநாடு அழைத்துப்போக அப்பாவின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ தேவையா என்று பார்த்துவிடுங்கள்.

முதல் வேலை எது?

இவ்வளவும் படித்துவிட்டு நோட்டரி கடைக்கு ஓட வேண்டாம். திருமணம் நடக்கப்போகும் ஊரின் பதிவு அலுவலகத்துக்கு உங்கள் இணையை ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். 'மணமகள் இந்தியர், விவாகரத்தானவர், என்னென்ன ஆவணங்கள், எந்த முத்திரையோடு, எத்தனை மாதத்துக்குள் பெற்றவை வேண்டும்' என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பட்டியலின் கடைசி வரியிலிருந்து பின்னோக்கித் தேதி போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அந்த மெயிலில் 'விவாகரத்தானவர்' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். நம் தெருவில் அதைச் சத்தமாகச் சொல்ல இன்னும் தயங்குகிறோம். பதிவாளரின் மேஜையில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான், 'இந்தப் பெண் மணமுடிக்கத் தடையில்லை'. அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள் அக்கா. அப்புறம் அவரே அந்தத் தாளுக்குக் கவர் வாங்கிப் போடுவார்.