வட்டைக்குப் போன குட்டி

போன மாதம் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வதாகத்தான் இருந்தேன். அதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டது. நாய்க்குட்டியா என்று முகம் சுளிக்கும் வாசக சகோதரிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகளும் அப்படித்தான் சுளித்தாள்.

ஒன்பது வயதுப் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஒரு மாதிரியாகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான். சட்டைக்குள்ளே குட்டி. வடிகான் ஓரத்தில் தனியாகக் கிடந்ததாம். தாய் நாயைக் காணவில்லையாம். பழுப்பு நிறம், காது ஒன்று நிமிர்ந்து மற்றது மடிந்து, வயிறு ஒட்டிப்போயிருந்தது. வந்ததும் வராததுமாக அவன் கை இரண்டையும் நக்கிவிட்டது.

"ஏழு தரம் கழுவணும் மனே! அதுல ஒருதரம் மண்ணால!" என்று மகள் சத்தம் போட்டாள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் ஊர்களில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். பேரன் தண்ணீர்ப் பைப்படியில் நின்றுகொண்டு, "மண் எங்க உம்மா?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் வளவில் மண் இல்லை. கடப்படியிலிருந்து பின் மதில் வரைக்கும் சீமெந்துக் கல் பதித்தாயிற்று. அதற்குக் கீழே கிறவல். கடைசியில் பக்கத்து வீட்டு ரோஜாச் சட்டிக்குள்ளிருந்து ஒரு பிடி மண் கேட்டு வாங்கினோம்.

குட்டியை வீட்டில் வைத்திருக்க முடியாது என்று மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் தவறில்லை. தொழுகிற இடம், சின்னப் பிள்ளை தவழுகிற இடம். ஆனால் மறுபடியும் வடிகானில் கொண்டுபோய் விடு என்று சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க மார்க்கத்தில் இடமிருக்கிறது. எங்களுக்குக் கிட்டங்கிப் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது, அங்கே வாடியும் இருக்கிறது, காவலுக்கு ஆளும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுபோய் விடுவதென்று தீர்மானமாயிற்று.

சுபஹ் தொழுதுவிட்டு இருவரும் புறப்பட்டோம். குட்டியின் கழுத்தில் கொச்சக்கயிறு. மோட்டார் சைக்கிளில் போனால் பத்து நிமிடம். நடந்தே போகலாம் மூத்தப்பா என்று பேரன் பிடிவாதம் பிடித்தான். பிரிகிற நேரத்தை நீட்டப் பார்க்கிறான் என்று புரிந்தது. நானும் சரியென்றேன்.

கல்முனையை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே நீளவாக்கில் விரித்த பாய் போன்றவை. கிழக்கே கடல். மேற்கே வட்டை, அதாவது வயல்வெளி. பாயின் அகலம் சில இடங்களில் ஒரு மைல்கூட வராது. அதற்குள் வீட்டோடு வீடு முட்டிக்கொண்டு நிற்கிறது. மேற்கே போகப் போக நிலம் தாழ்ந்து, வயல் சதுப்பாகி, சதுப்பு நீராகிக் கிட்டங்கியில் ஆறாகத் தெரியும். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் தெற்குத் தொங்கல் இந்தப் பக்கம்தான். ஆற்றங்கரை என்றதும் மட்டக்களப்புக் காந்தி பூங்காவைப் போல வாங்கும் விளக்கும் புல்தரையும் இருக்குமென்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இருப்பது வரம்பு, வாய்க்கால், மருதமரம், ஆற்றுவாழை.

கோடை காலம். கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் பகுதியில் உதடு வெடிக்கும், காணி வெடிக்கும், கிணறு கீழே போகும். மாரியில் மூன்று மாதம் கொட்டுகிற மழையை வைத்துக்கொண்டு மற்ற மாதங்களை ஓட்டுகிற உலர்வலயம் இது. பாதையோரத்துத் தரிசு நிலம் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. குட்டியின் முன்னங்கால் ஒரு வெடிப்புக்குள் போய்விட, பேரன் அதைத் தூக்கப் போனான். "ஈரமில்லாம புடிச்சாப் பரவாயில்ல" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு தூக்கினான். மத்ஹபுச் சட்டத்தைத் தேவைக்கேற்ப நன்றாகவே படித்து வைத்திருக்கிறான்.

இன்னும் கொஞ்சத் தூரத்தில் அந்த வறட்சிக்கு நடுவே பச்சை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டினார்கள். சிறுபோகத்துக்கு வாய்க்கால் வழியே வருவது அந்தத் தண்ணீர். வயலில் மிஞ்சுவது வடிந்து தாழ்ந்த இடங்களில் நிற்கும். அதனால்தான் ஊர் காய்ந்து கிடக்கும் ஆடியிலும் இந்தச் சதுப்பில் நீர் இருக்கிறது. நீர் இருக்கிற இடத்தைத் தேடி உயிர்களும் வந்து சேருகின்றன. நத்தை பொறுக்குகிற நத்தைகுத்தி நாரைகள் ஏழெட்டு நின்றன. அவற்றின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ஆற்றுவாழை இலைமேல் இலைக்கோழி நடந்தது. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு பட்டமரத்தில் குந்தியிருந்தது. குட்டி எல்லாவற்றையும் முகர்ந்தது. பறவையை விட மாட்டுச்சாணம்தான் அதற்கு அதிகம் பிடித்திருந்தது.

ஓரிடத்தில் திடீரென்று ஆட்காட்டிகள் இரண்டு கத்திக்கொண்டு தலைக்குமேல் பாய்ந்து வந்தன. குட்டி பேரனின் கால்களுக்கிடையில் ஒளிந்துகொண்டது. அவற்றின் முட்டை பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்றேன். ஆட்காட்டி கூடு கட்டாது. வெறுந்தரையில் மண்ணாங்கட்டி நிறத்தில் பெரும்பாலும் நான்கு முட்டை இட்டு வைக்கும். நாங்கள் அசையாமல் நின்று தேடினோம். நான் காணவில்லை. பேரன் கண்டான், காலடியிலிருந்து இரண்டு பாகத் தூரத்தில். குட்டியை இழுத்துக்கொண்டு வேறு வரம்பால் சுற்றிப் போனோம். நாய் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கயிறில்லாத நாய் ஒரு நிமிடத்தில் ஒரு கூட்டை அழித்துவிடும்.

ஆற்றோரம் வந்ததும் நீரில் இறங்க விடவில்லை. எங்கள் பக்கத்து ஆறுகளில் முதலை உண்டு. மாவடிப்பள்ளியிலும் களியோடையிலும் மனிதர்களையே இழுத்திருக்கிறது, நாய்க்குட்டி எம்மாத்திரம்? இன்னொரு பயம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரால் மட்டுமல்ல, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீராலும் கிருமி தண்ணீரில் கலக்கும். காலில் புண்ணிருந்தால் உள்ளே போகும். வயலுக்கு இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகத் தருவார்கள். வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் குடிக்க மறக்கிற ஆண்களை வீட்டிலுள்ள பெண்கள்தான் கவனிக்க வேண்டும்.

மருதமர நிழலில் இருந்தோம். பேரன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "மூத்தப்பா, அந்தப் புள்ளைகள் போனது இந்தத் தண்ணியா?"

எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்தபோது, நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் புரண்டது. எத்தனையோ பேர் பாய்ந்து சிலரைக் காப்பாற்றினார்கள். மற்றப் பிள்ளைகளை ஜனாஸாவாகத்தான் தேடியெடுத்தார்கள். பல நாட்கள் எங்கள் வீட்டில் இரவு விளக்கை அணைக்க முடியவில்லை. இவன் அணைக்க விடமாட்டான். அந்த வீதிக்குத் தெற்கே போவதென்றாலே இன்றும் கையை இறுக்கிப் பிடிப்பான்.

"இது இல்ல மனே, அது வேற இடம். தண்ணி மட்டும் இதே மாதிரித்தான்" என்றேன்.

அந்த அளவுக்குத்தான் பிள்ளைக்குச் சொன்னேன். வாசகர்களுக்கு மீதியையும் சொல்கிறேன். மேற்கே மலையடிவாரத்திலிருந்து வருகிற வெள்ளம் கடலுக்குப் போக வேண்டும். நடுவிலிருக்கும் வட்டைகளும் சதுப்பும் அதை உறிஞ்சி வைத்து, தோணா வழியாகவும் முகத்துவாரம் வழியாகவும் மெல்ல மெல்ல விடும். கரைவாகு வட்டை அப்படிப்பட்ட ஒரு பெரிய பஞ்சு. அதை நாம் துண்டு துண்டாக நிரப்பிவிட்டோம். தோணாவுக்குள் சொப்பிங் பேக்கும் கோழிக் கழிவும் பம்பர்ஸும் போடுகிறோம். பிறகு ஏன் தண்ணீர் வீதிக்கு மேலால் போகிறது என்று கேட்கிறோம்.

நிரப்பியவர்களையெல்லாம் பேராசைக்காரர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். மறுவருடம் கடலோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்றார்கள். அந்தச் சனங்கள் எங்கே போவது? கிழக்கே கடல், வடக்கும் தெற்கும் அடுத்த ஊர். மேற்கே வட்டை ஒன்றுதான் மிச்சம். வெனிசுவேலா நாட்டின் உதவியில் சாய்ந்தமருதில் எழுந்த பொலிவேரியன் கிராமமும் மேற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வீடிழந்தவனுக்குச் சதுப்பின் அருமையைப் பற்றி யார் வகுப்பெடுப்பது?

ஆனால் நான் சுனாமியில் வீடிழந்தவன் அல்லன். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் ஒப்பேறாது. ஊருக்குள் ஒரு பேர்ச் காணி வாங்க என் ஓய்வூதியம் எந்த மூலைக்கு? வயற் காணியில் ஒரு துண்டை மலிவாக வாங்கினேன். டிப்பர் டிப்பராகக் கிறவல் கொட்டி நிரப்பினேன். எத்தனை லோட் என்று கணக்குக் கொப்பியில் இன்னும் இருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தவன் நான். வெள்ளச் சமவெளி என்றால் என்னவென்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவன். சீதன வீடென்று வந்ததும் படத்தை மறந்துவிட்டேன். ரோஜாச் சட்டியில் மண் கடன் வாங்கிய அந்த வளவு, முன்பு வட்டைதான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜோர்தான் பாலைவனத்தின் நடுவே அஸ்ரக் என்றொரு பசுஞ்சோலைச் சதுப்பு. ஆபிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பறக்கிற பறவைகள் இளைப்பாறுகிற இடம். தலைநகர் அம்மானுக்குக் குடிநீர் இறைத்து இறைத்து 1992இல் அதன் ஊற்றுகள் வற்றிப்போயின. பிறகு தண்ணீர் விட்டு ஒரு சிறு பகுதியைத்தான் உயிர்ப்பிக்க முடிந்தது. தென் ஈராக்கின் அஹ்வார் சதுப்புகளை 1990களில் அரசாங்கமே அணைகட்டி வடித்தது. நாணல் வீடுகளில் வாழ்ந்த மக்கள் அகதிகளானார்கள். 2003க்குப் பின் அம்மக்களே அணைகளை உடைத்துத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். 2016இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் மழை குறைந்த வருடங்களில் இன்றும் எருமைகள் சாகின்றன. சதுப்புநிலங்களைக் காப்பதற்கான உலக உடன்படிக்கையும் 1971 பெப்ரவரி 2ஆம் திகதி ஈரானின் ராம்சர் நகரில்தான் கையெழுத்தானது. நம் மாவட்டத்தில் அந்தப் பட்டியலில் இருப்பது தெற்கே குமண. 2010இல் சேர்த்தார்கள். கிட்டங்கிக்கோ கரைவாகுக்கோ அப்படியொரு பெயர்ப்பலகை இல்லை.

வெயில் ஏறுமுன் வாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். காவல்காரர் நாவிதன்வெளிப் பக்கத்துத் தமிழர். பதினைந்து வருடமாக எங்கள் வயலைப் பார்க்கிறார். குட்டியைக் கண்டதும் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மடிந்த காதை இழுத்துப் பார்த்தார். "நல்ல சாமான் சேர். யானை வந்தா முதல்ல சொல்றது இதுகள்தான். யானைவெடி கொழுத்த நேரம் கிடைக்கும்" என்றார். சிரட்டையில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார். குட்டி எங்களைத் திரும்பியும் பார்க்காமல் குடித்தது. பேரனுக்கு அது கொஞ்சம் வருத்தம்.

விசர்நாய்த் தடுப்பூசி போடவேண்டும் என்றேன். கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றும் சொன்னேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்? அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பேரனுக்கு வேறு கவலை. "மாமா, மாரில இதெல்லாம் தண்ணிதானே, அப்ப இது எங்க போகும்?"

"மாரிக்கு முதலே எங்கட வீட்ட கொண்டு போயிருவன் தம்பி. எங்கட வீடு மேட்டுல. தண்ணி வராது."

திரும்பி வரும்போது பேரன் நெடுநேரம் பேசவில்லை. வெறுங்கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். ஊரின் முதல் மதில்கள் தெரிந்த இடத்தில் நின்றான்.

"எங்கட ஊடு மேடா மூத்தப்பா?"

போன மாரியில் தண்ணீர் இரண்டாவது படிக்கட்டு வரை வந்தது. அன்றிரவு அவன் தூங்கிவிட்டான், பார்க்கவில்லை. இரண்டாவது படி வரைக்கும் வரும் மனே என்று உள்ளதைச் சொன்னேன். அதற்குமேல் எத்தனை படி இருக்கிறது என்று கேட்டான். மூன்று என்றேன். சரி என்று நடந்தான்.

மறுநாள் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்தேன். தடுப்பூசிக்குக் குட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். வரும் வெள்ளிக்கிழமையும் நடந்துதான் போகவேண்டுமாம்.